ஆபரேஷன் முடிந்தது, உடம்பில் டிரெயின் குழாய் இருக்கிறது... வீட்டில் எப்படிக் கவனிப்பது?

கனமான மார்பகத்தால் கழுத்துவலி, தோள்வலி, மார்புக்குக் கீழ் மடிப்பில் புண் என வருஷக்கணக்கில் அவதிப்படும் பெண்களுக்கு மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை நல்ல தீர்வு. இது வசதியானவர்களுக்கு மட்டுமான 'அழகு சிகிச்சை' இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-லேயே இதற்கு இலவச கிளினிக் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால், கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கத்துப் பெண் ஒருவர் சென்னையில் ஆபரேஷன் முடிந்து, குழாயோடு ஊர் திரும்பினால்? 2022 முதல் கள்ளக்குறிச்சி அருகே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மலைப்பாதையில் இறங்கித்தான் வர வேண்டும். அதனால், டிரெயினைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம்.

டிரெயின் எதற்கு?

அறுவை செய்த இடத்தில் ரத்தமும் நீரும் தேங்காமல் வெளியே இழுக்கும் மெல்லிய குழாய் இது. நுனியில் பல்பு அல்லது மடிப்பு டப்பா இருக்கும். அதை அமுக்கி மூடினால், விரிய முயலும்போது திரவத்தை உறிஞ்சும்.

எல்லாருக்கும் தேவையா?

இல்லை. மார்பகக் குறைப்பில் டிரெயினால் பெரிய பலன் தெரியவில்லை, வைக்காதவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. வைத்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகளையும் அகற்றியவர்களுக்குத்தான் ஒன்றிரண்டு வாரம் வரை இருக்கலாம். "எனக்கு டிரெயின் அவசியமா? ஊருக்குப் போகும் முன்னே எடுத்துவிடுவீர்களா?" என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்யணும்?

* சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழாயைத் தொடுங்கள்.
* தினமும் இரண்டு முறை, அல்லது பல்பு பாதி நிரம்பியதும் காலி செய்யுங்கள். மூடியைத் திறந்து அளவுக் கப்பில் ஊற்றி, எத்தனை மி.லி. என்று பாருங்கள். பிறகு பல்பை முழுசாக அமுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள்.
* தேதி, நேரம், அளவு, நிறம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் குழாய் இருந்தால் இடது, வலது எனத் தனித்தனியாக எழுதணும்.
* பல்பு எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்கட்டும். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட்டியில் ஊக்கு போட்டு மாட்டலாம். மலை பஸ்ஸில் கம்பியிலோ பையிலோ குழாய் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு எதையும் தூக்க வேண்டாம். குழாய் நுழையும் இடத்தில் மஞ்சள், எண்ணெய் போடக் கூடாது.

எப்போது எடுப்பார்கள்?

வடிவது முதலில் சிவப்பாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் வெளிர் மஞ்சள். பொதுவாக 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்த பிறகு எடுப்பார்கள். டாக்டர் முடிவெடுக்க உதவுவது உங்கள் நோட்டுதான். அதை செல்போனில் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று டிஸ்சார்ஜின்போதே கேளுங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. எந்த நம்பருக்கு அழைப்பது, கீழே எந்த மருத்துவமனையில் குழாயை எடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எது ஆபத்து?

திடீரென அடர் சிவப்பு ரத்தம் அதிகமாக வருவது, ஒரு பக்க மார்பகம் மட்டும் வீங்கி இறுகுவது, காய்ச்சல், சீழ், கெட்ட வாடை. நேற்று வரை நன்றாக வடிந்தது இன்று சட்டென நின்றால் 'ஆறிடுச்சு' என்று நினைக்காதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம். குழாய் வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே தள்ளாமல், சுத்தமான காஸ் துணியால் மூடி டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ரத்தமோ வீக்கமோ வேகமாகக் கூடினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்க ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.