பேய்க்காற்றா? சூறாவளியா? அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும்!

கத்திரி வெயில் கொளுத்தும் மத்தியானம். மண் தரையில் திடீரென்று புழுதி கிளம்பும். பேப்பர், சருகு, பிளாஸ்டிக் பை எல்லாம் வட்டம் போட்டுக்கொண்டு மேலே போகும். "பேய்க்காத்துடா, தள்ளி நில்லு!" என்று பெரியவர்கள் பையன்களை இழுத்துப் பிடிப்பார்கள். அரை நிமிஷம்தான். அப்புறம் ஒன்றும் இருக்காது.

மறுநாள் டீக்கடையில் கேட்டால், "நேத்து சூறாவளி அடிச்சுது சார்" என்பார்கள்!

அது சூறாவளியும் அல்ல, பேயும் அல்ல. வெறும் சூடு!

தரையில் பிறப்பது

வெட்டவெளி மண், மேகமில்லாத வானம், பலமில்லாத காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள தீவுத்திடல் போன்ற இடம்தான் இதற்குத் தோது.

நிழலில் 40 டிகிரி வெயில் என்றால், வெறும் தரை அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று சூடேறி, லேசாகி, குபுக்கென்று மேலே கிளம்பும். காலியான இடத்தைப் பிடிக்க நாலா பக்கத்துக் காற்றும் ஓடி வரும். வரும்போதே கொஞ்சம் கோணலாக வரும். அதுதான் சுழற்சி.

நூலில் கல்லைக் கட்டிச் சுற்றிக்கொண்டே நூலை விரலில் சுற்ற விட்டால் என்ன ஆகும்? நூல் குறையக் குறைய வேகம் கூடும். காற்றும் அப்படித்தான். உள்ளே நெருங்க நெருங்க வேகம் எடுக்கும். அகலம் சில மீட்டர். உயரம் சில நூறு மீட்டர்கூடப் போகும். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்ததும் ஆட்டம் குளோஸ்!

சென்னையில் கடற்காற்று மத்தியானத்துக்குள் வந்துவிட்டால் தரையின் சூடு அடங்கிவிடும். அது தாமதமாகும் நாளில்தான் வெயில் உச்சிக்குப் போகும். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, ஞாபகம் இருக்கும்.

சந்துக் காற்று வேறு

1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை இது. தெருக்கள் குறுகல். மோட்டார் உதிரிபாகக் கடை வாசலில், சந்து முனையில் குப்பை சுற்றுகிறதே, அது சுவரில் முட்டித் திரும்பும் காற்று. அதற்கு வெயிலே தேவையில்லை. பேய்க்காற்றுக் கணக்கில் இது சேராது.

மேகத்திலிருந்து இறங்குவது

உலகம் நடுங்கும் 'டொர்னடோ' முற்றிலும் வேறு ஜாதி. அது வெயிலுக்குப் பிறந்தது அல்ல, இடிமேகத்துக்குப் பிறந்தது.

பல கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் திரண்டு நிற்கும். கீழே ஒரு திசைக் காற்று, மேலே வேறு திசைக் காற்று. நடுவில் அகப்பட்ட காற்று உருளை போலப் புரளும். மேகத்துக்குள் ஏறும் காற்று அந்த உருளையைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். அதுவே குறுகி, யானைத் தும்பிக்கை போலத் தரையில் இறங்கும். மிகக் கொடுமையானதில் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும்.

நம் நாட்டில் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1978 மார்ச் 17-ல் டெல்லியில், பல்கலைக்கழகப் பக்கம் இறங்கியது. சில நிமிஷத்தில் 28 பேர் பலி! 1989 ஏப்ரல் 26-ல் வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் சுமார் 1,300 பேர் மாண்டார்கள். வங்காளம், ஒடிசா பக்கம் கோடை இடிமழைக் காலத்தில் வருவதுண்டு. தமிழ்நாட்டில் அபூர்வம்.

ஒரே பெயர், மூன்று ஆள்

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். அதே 1978 நவம்பரில் இலங்கை மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதை அங்கே 'சூறாவளி' என்கிறார்கள். நமக்கு அது புயல். கடலில் பிறந்து, பல நூறு கிலோமீட்டர் விரிந்து, நாள் கணக்கில் நகர்வது. டொர்னடோவையும் சூறாவளி என்கிறோம். புழுதி சுற்றினால் அதுவும் சூறாவளி!

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அண்ணாந்து பாருங்கள். வானம் வெளிறிக் கிடந்தால் பேய்க்காற்று. தலைக்கு மேல் கறுத்த மேகம் தொங்கி, அதிலிருந்து சுழல் இறங்கினால் டொர்னடோ. ஓடி, கட்டிடத்துக்குள் கீழ்த்தள அறையில் பதுங்க வேண்டியதுதான்.

அலட்சியமும் ஆகாது

பேய்க்காற்று ஆளைத் தூக்காது. ஆனால், கட்டாத பொருளைத் தூக்கும். 2021 டிசம்பர் 16-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், டெவன்போர்ட் நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் காற்றடைத்த ரப்பர் மெத்தையில் குதித்து விளையாடினார்கள். பேய்க்காற்று மெத்தையோடு தூக்கி எறிந்தது. 6 குழந்தைகள் பலி.

அதே மாதிரி மெத்தைகள் நம்மூர் பொருட்காட்சிகளிலும் உண்டு. பந்தல், தகரக் கூரை, பிளக்ஸ் பேனர், நடைபாதைக் கடையின் தார்பாய் எல்லாம் இதே கணக்குதான். நாலு மூலையிலும் முளை அடித்து, கயிறு இறுக்கியிருக்கிறதா என்று வெயில் ஏறுவதற்கு முன்னே கடைக்காரர்கள் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது நல்லது. புழுதி சுற்றுவது தெரிந்தால் குழந்தைகளை முதலில் மெத்தையை விட்டு இறக்க வேண்டும். கண்ணை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது போகிற வழிக்குப் பக்கவாட்டில் பத்தடி விலகி நின்றால் போதும்.