தறியிற் பிறந்த மோட்டார் வண்டி

இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட காலத்தில் "யப்பான் சாமான்" என்னும் தொடர் இலங்கையிலும் பிற ஆசிய நாடுகள் பலவற்றிலும் இகழ்ச்சிக் குறிப்பாகவே வழங்கிற்று. விலை மலிவு, தோற்றம் பகட்டு, ஆயுள் அற்பம் என்பனவே அத்தொடரின் பொருளாகக் கொள்ளப்பட்டன. இன்றோ மோட்டார் வண்டி வாங்கப் புகுவோன் டொயோட்டா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பாதி ஐயம் நீங்கப் பெறுகிறான். இம்மாற்றத்தை யப்பானியரின் பிறவிக் குணத்தின் விளைவெனக் கூறி அமைவாரும் உளர். பிறவிக் குணமே காரணமாயின், அவர்கள் முதலிற் செய்த வண்டிகளும் உறுதியுடையனவாய் இருந்திருத்தல் வேண்டும். ஆயின், டொயோட்டா வரலாற்றின் தொடக்கப் பக்கங்களோ முறிந்த உறுப்புக்களாலும் வழியில் நின்ற வண்டிகளாலும் நிறைந்துள்ளன. அந்நிறுவனத்தாரின் பெயர் பழுதினின்று பெற்ற பாடத்தால் வளர்ந்தது. பாடத்தை மறந்த காலங்களிற் குன்றியும் உள்ளது.

இவ்வரலாற்றின் தொடக்கம் நெசவுத் தறியாகும். இன்று ஷிசுவோக்கா மாகாணத்துக் கோசாய் நகரில் அடங்கும் ஒரு சிற்றூரில், 1867ஆம் ஆண்டில், தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சகிச்சி டொயோடா. ஊர்ப் பெண்கள் கைத்தறியில் நாள் முழுவதும் உழைத்துச் சிறிதளவு துணியே நெய்வதைக் கண்ட அவர், தந்தையின் தொழிலைத் துறந்து தறியைத் திருத்தும் முயற்சியில் இறங்கினார். 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் விசைத்தறியும் செய்தார்.

விசைத்தறியின் பெருங் குறை யாதெனில், அது தன் பிழையை அறியாது என்பதே. கைத்தறியில் நெய்பவள் பாவு நூல் அறுந்தவுடன் கையை நிறுத்திவிடுவாள். விசைத்தறியோ நூல் அறுந்த பின்னரும் ஓடிக்கொண்டேயிருக்கும். பழுதுபட்ட துணி முழக்கணக்கில் வந்து குவியும். ஆகவே ஒவ்வொரு தறியின் பக்கத்திலும் கண்காணிப்பதற்கு ஒருவர் நிற்க வேண்டியதாயிற்று. இதற்குச் சகிச்சி கண்ட வழி மிக எளியது. பாவு நூல்களில் மெல்லிய உலோகத் தகடுகள் தொங்கும். நூல் அறுந்தால் அதன் தகடு கீழே விழும். அவ்வீழ்ச்சி தறியை நிறுத்திவிடும். 1924இல் அவரும் மகன் கிச்சிரோவும் பிறரும் சேர்ந்து நிறைவேற்றிய "ஜீ" வகைத் தானியங்கித் தறியில் இவ்வமைப்போடு, ஊடை நூல் தீர்ந்தவிடத்து ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றும் அமைப்பும் இருந்தது. ஒருவரே முப்பது தறிகளை மேற்பார்வை செய்யலாயிற்று.

யப்பானியர் இத்தத்துவத்தை "ஜிதோகா" என்பர். தானாக இயங்குதல் என்று பொருள்படும் வழக்கமான சொல்லின் நடு எழுத்தில், மனிதனைக் குறிக்கும் ஒரு கூறினைச் சேர்த்து எழுதுவது டொயோட்டா நிறுவனத்தாரின் மரபு. பழுதைக் கண்டால் நிற்கும் அறிவு மனிதனுக்குரியது; அதனைப் பொறிக்கும் அளித்தல் வேண்டும் என்பது அவ்வெழுத்து மாற்றத்தின் கருத்து.

1929இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரைச் சேர்ந்த பிளாற் சகோதரர் கம்பனி, யப்பான் முதலிய சில நாடுகள் நீங்கலாக, இத்தறியைச் செய்யும் உரிமையை ஒரு இலட்சம் பவுணுக்குப் பெற உடன்பட்டது. நெசவுப் பொறிகளில் உலகிற்கே ஆசானாக விளங்கிய கம்பனி அது. மாணவனிடம் ஆசான் பாடங்கேட்ட இந்நிகழ்ச்சி யப்பானில் பெரும் பெருமிதத்தை விளைவித்தது. அப்பணமே மோட்டார் ஆராய்ச்சிக்கு முதலாயிற்று என்பது பலராலும் சொல்லப்படும் கதை. பணத்தினும் அந்தத் தறியின் தத்துவமே பின்னாளிற் பெரிய முதலாயிற்று எனலாம். சகிச்சி 1930இல் காலமானார்.

கிச்சிரோ டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கற்றவர். அவர் 1933இல் தறித் தொழிற்சாலையினுள்ளே மோட்டார்ப் பிரிவொன்றைத் தொடங்கியபொழுது யப்பானியச் சந்தை அமெரிக்கரின் கையில் இருந்தது. போர்ட் கம்பனி 1925 முதல் யோக்ககாமாவிலும், ஜெனரல் மோட்டோர்ஸ் 1927 முதல் ஒசாக்காவிலும் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தன. கிச்சிரோவின் முதற் காரின் எஞ்சின் செவர்லே எஞ்சினையும், உடலமைப்புக் கிறைஸ்லர் கம்பனியின் புதிய வடிவத்தையும் பின்பற்றியன. பிறர் செய்ததைக் கழற்றிப் பார்த்துக் கற்றனர் என்பதை அவர்கள் மறைத்ததில்லை.

1935ஆம் ஆண்டு நவம்பரில் "ஜீ-1" என்னும் லொறியை டோக்கியோவிற் காட்சிக்கு வைத்தனர். தொழிற்சாலை இருந்த காரியா நகரிலிருந்து டோக்கியோ செல்லும் வழியிலேயே வண்டியின் திருப்பு அமைப்பில் ஓர் உறுப்பு முறிந்தது. விற்கப்பட்ட லொறிகளும் பின்னச்சுப் பகுதி முறிந்தும் பற்சக்கரங்கள் பழுதுற்றும் அடிக்கடி வழியில் நின்றன. இந்நிலையில் நிறுவனத்தார் செய்தது கவனிக்கத்தக்கது. தொழிற்சாலைக்கு அண்மையிலுள்ள பகுதியிலேயே முதலில் லொறிகளை விற்றனர். நின்ற லொறியைத் தேடிப் பொறியியலாளர் தாமே சென்றனர். முறிந்த உறுப்பை இலவசமாக மாற்றிக் கொடுத்ததோடு, முறிந்ததை எடுத்துவந்து ஆராய்ந்து வரைபடத்தைத் திருத்தினர். அறுந்த நூலைக் கண்டு தறி நின்றது போன்றதே இதுவும். எனினும், அந்த லொறிகளை விலை கொடுத்து வாங்கி நடுவழியில் நின்றவரின் பொறுமையும் இவ்வரலாற்றில் ஒரு பங்காளி என்பதை மறத்தலாகாது.

பெயரைப் பற்றி ஒரு சொல். குடும்பப் பெயர் டொயோடா. "செழித்த வயல்" என்பது அதன் பொருள். 1936இல் சின்னம் ஒன்றுக்காகப் போட்டி நடத்தியபொழுது "டொயோட்டா" என்ற வடிவம் தேர்ந்து கொள்ளப்பட்டது. யப்பானிய எழுத்தில் அதனை எட்டுக் கீற்றுக்களால் எழுதலாம்; எட்டு அவர்களுக்கு மங்கல எண். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாற்றமாகத் தோன்றும் இவ்வேறுபாடு தமிழில் ஒற்று மிகுதலும் மிகாமையுமாக அமைவது சுவையானது. மோட்டார்க் கம்பனி தனி நிறுவனமாகப் பதிவானது 1937இல்.

போர்க்காலத்தை விடுத்து அதற்குப் பின்வந்த நெருக்கடிக்கு வருவோம். 1949, 1950ஆம் ஆண்டுகளில் கம்பனி முறிவின் விளிம்பை அடைந்தது. ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். பொறுப்பை ஏற்றுக் கிச்சிரோ பதவி துறந்தார். அதே 1950ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொரியப் போர் மூண்டது, அமெரிக்கப் படையினர் லொறிகளுக்குக் கட்டளையிட்டனர், கம்பனி பிழைத்தது. திறமையினால் விளைந்த வெற்றி இதுவென்று கூறுவதற்கில்லை. கிச்சிரோ தம் கனவு நிறைவேறுவதைக் காணாமலே 1952இல் மறைந்தார்.

தறியின் தத்துவத்தை மோட்டார்த் தொழிற்சாலையின் முறையாக்கியவர்களுள் முதன்மையானவர் தைச்சி ஓனோ. அவர் டொயோடா நூற்பாலையிலிருந்து மோட்டார்த் தொழிற்சாலைக்கு வந்தவர். வண்டிகள் வரிசையாக நகரும்போது குறை ஒன்றைக் காணும் தொழிலாளி எவனாயினும் பக்கத்திலுள்ள கயிற்றை இழுக்கலாம். மணி ஒலிக்கும், விளக்கு எரியும், மேலாள் வருவார். குறை உரிய நேரத்தில் தீராவிடின் வரிசையே நின்றுவிடும். வரிசையை நிறுத்துவது பெரும் இழப்பு; பிற தொழிற்சாலைகளில் அது குற்றமாகவே கருதப்பட்டது. இங்கோ குறையோடு வண்டியைப் போகவிடுவதே குற்றம். தேவையான உறுப்பு தேவையான நேரத்தில் தேவையான அளவில் மட்டும் வருதல் வேண்டும் என்ற மற்றொரு விதியும் இதற்குத் துணையாயிற்று. குவியல் குவியலாக உறுப்புக்களைச் சேர்த்து வைத்தால் பழுதுபட்டது குவியலில் மறைந்திருக்கும். கையிருப்புச் சிறிதாயின் பழுது அன்றே வெளிப்படும்.

இத்தனை இருந்தும் அமெரிக்காவில் முதல் முயற்சி தோல்வியாகவே முடிந்தது. 1957இல் கலிபோர்னியாவில் விற்பனை நிலையம் அமைத்து, 1955 முதல் யப்பானிற் புகழ்பெற்றிருந்த கிரவுண் காரை அங்கே கொண்டு சென்றனர். யப்பானின் மேடுபள்ளமான சாலைகளுக்காகக் கனத்த உடலோடு செய்யப்பட்ட வண்டி அது. அமெரிக்கப் பெருஞ்சாலையில் மணிக்கு அறுபது மைலைத் தாண்டியதும் அதிர்ந்தது. ஏற்றத்தில் அதன் ஒன்றரை லீற்றர் எஞ்சின் மூச்சிரைத்தது. 1958ஆம் ஆண்டு முழுவதிலும் விற்ற கிரவுண் கார்கள் 287 மட்டுமே. 1960இன் இறுதியில் கார் ஏற்றுமதியை நிறுத்திவிட்டனர். லாண்ட் குறூசர் என்னும் காட்டு வழி வண்டியின் விற்பனையே அவ்வாண்டுகளில் நிலையத்தை மூடாது காத்தது. 1965இல் அந்நாட்டுச் சாலைகளை ஆராய்ந்து வலிமை கூட்டிய கொரோனா கார் சென்ற பின்னரே அமெரிக்கர் திரும்பிப் பார்த்தனர்.

அடுத்த ஆண்டில் கொறோலா வெளிவந்தது. அதன் தலைமைப் பொறியியலாளர் தட்சுவோ ஹசெகாவா முன்னர் விமானம் வரைந்தவர். எப்பாடத்திலும் எண்பது புள்ளிக்குக் குறையலாகாது, சில பாடங்களில் அதனினும் மேலாகப் பெறல் வேண்டும் என்பதே அவர் காருக்கு வகுத்த விதி. ஒரு பாடத்தில் நூறும் மற்றொன்றில் நாற்பதும் பெறும் மாணவரை அறிந்த ஆசிரியர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். 2021ஆம் ஆண்டளவில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட கொறோலாக்கள் விற்பனையாகியிருந்தன.

இனி உடைமையாளர் கூற்றுக்கு வருவோம். டொயோட்டா உடையோரின் புகழுரை பெரும்பாலும் எதிர்மறையாகவே அமைவது வியப்பு: நிற்கவில்லை, முறியவில்லை, செலவு வைக்கவில்லை. ஓட்டுவதில் இன்பமில்லை, உள்ளமைப்பு எளிமை, பிறர் புதுமையை முன்னரே தந்துவிட்டனர் என்ற குறைகளையும் அவர்களே கூறுவர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன. முன்னைய வண்டியிற் பலகாலம் பரீட்சிக்கப்பட்ட உறுப்பையே புதிய வண்டியிலும் அமைப்பதும், புதிய பொறிநுட்பத்தைச் சிறிது சிறிதாகவே புகுத்துவதும் இந்நிறுவனத்தாரின் வழக்கம். அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகையான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் ஆண்டுதோறும் தன் வாசகரிடம் அவரவர் வண்டியின் பழுதுகளைக் கேட்டுத் தொகுக்கும் பட்டியலில் டொயோட்டாவும், அதன் உயர்தர வகையான லெக்சஸும் பன்முறை முன்னணியில் நின்றுள்ளன. 1984இல் வெளிவந்த எழுபதாம் வரிசை லாண்ட் குறூசர் பெரிய மாற்றமின்றி இன்றும் செய்யப்படுகிறது. பாலைவனத்திற் பணிபுரியும் தொண்டு நிறுவனத்தாரும் ஆஸ்திரேலிய உட்பகுதிச் சுரங்கத்தாரும் அதனையே நாடுவர். இப்புகழுக்கு விரும்பத்தகாத ஒரு முகமும் உண்டு: 1987இல் சாட் நாட்டினர் லிபியப் படையை இத்தகைய வண்டிகளில் விரைந்து சென்று முறியடித்தமையால், அப்போரின் இறுதிக் கட்டத்திற்கு "டொயோட்டாப் போர்" என்றே பெயர் வழங்கலாயிற்று.

குறைபட்ட உடைமையாளரின் கூற்றும் பதியப்பட வேண்டியது. 1997 முதல் 2002 வரை செய்யப்பட்ட சில எஞ்சின்களில் எண்ணெய் குழம்பாகித் தேங்கி எஞ்சினையே அழித்தது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாதது உடைமையாளர் தவறு என்றே நிறுவனம் முதலிற் கூறியது. முறைப்பாடு பெருகிய பின்னரே எட்டாண்டு உத்தரவாதம் அளித்தது. டக்கோமா வகை வண்டிகளின் அடிச்சட்டம் துருவேறி உளுத்தபொழுது நடந்துகொண்ட முறை வேறு. 2008இல், பழுதுபட்ட வண்டியைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினர். பதினைந்தாண்டு பழைய வண்டிக்குக்கூட அவ்விலை கிடைத்தமை உடைமையாளர் பலரை எதிர்பாராத மகிழ்ச்சியில் ஆழ்த்திற்று.

எல்லாவற்றினும் கொடியது 2009இல் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் லெக்சஸ் கார் ஒன்றின் அக்சிலேற்றர் மிதி தரைவிரிப்பிற் சிக்கி, வேகம் அடங்காது மோதியதில் நால்வர் மாண்டனர். இலட்சக்கணக்கான வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. 2010 பெப்ரவரியில் கிச்சிரோவின் பேரரான அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் முன் தோன்றி வருத்தந் தெரிவித்தார். நிறுவனத்தின் வளர்ச்சி அதன் மனிதரைப் பயிற்றும் வேகத்தை மிஞ்சிவிட்டதென ஒப்புக்கொண்டார். மின்னணுவமைப்பில் குற்றமில்லை என்று 2011இல் அமெரிக்க அரசாங்க ஆய்வு கண்டதாயினும், மிதியின் குறையை மறைத்துப் பொதுமக்களைத் தவறாக வழிப்படுத்தியதற்காக 2014இல் நிறுவனம் 120 கோடி டொலர் தண்டம் இறுக்கவேண்டியதாயிற்று. நூல் அறுந்ததை அறிந்தும் தறியை ஓடவிட்ட குற்றமே அது. 2023இல், துணைக் கம்பனியான டைஹட்சு பாதுகாப்புப் பரிசோதனைகளிற் செய்த முறைகேடு 64 வகை வண்டிகளிற் காணப்பட்டது; அவற்றுட் சில டொயோட்டாப் பெயரில் விற்றவை.

இலங்கையில் இவ்வண்டிகள் பெருகியதற்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமன்று. இரு நாட்டிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கத்திலேயே செல்வன. யப்பானில் புதிய கார் மூன்றாண்டில் ஒருமுறையும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் செலவு மிக்க அரசாங்கப் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். ஆதலின் அங்குள்ளோர் நல்ல நிலையிலுள்ள வண்டியையும் விரைவில் விற்றுவிடுவர். அவையே "ரீகண்டிஷன்" எனப் பெயர்பெற்றுக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. "டொல்பின்" என்று மக்கள் அழைக்கும் ஹையேஸ் வான் பாடசாலைப் பிள்ளைகளையும் கோயில் யாத்திரிகரையும் ஏற்றிப் பல்லாண்டு உழைத்தது. அதன் உதிரிப்பாகம் எதனையும் பஞ்சிகாவத்தையில் தேடிப் பெறலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, பழைய டொயோட்டா பல, வாங்கிய விலைக்கு மேலேயே விலைபோயின.

ஆயினும், யாழ்ப்பாணத்தார் உறுதிக்கு உவமை கூறப் புகின் முதலில் நினைவுகூர்வது ஒஸ்ரின், மொறிஸ் கார்களையே. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தூண்டிவிட்டு மண்ணெண்ணெயால் ஓட்டப்பட்டவை அவை. ஊர்க் கராச்சில் எளிய கருவிகள் கொண்டே அவற்றைக் கழற்றிப் பூட்டலாம். அடிக்கடி பழுதுபடினும் எளிதில் திருத்தக்கூடிய பொறி ஒன்று. பழுதுபடாது, பட்டால் எளிதில் திருத்தவியலாத பொறி மற்றொன்று. பழைய டொல்பின் வான் இரண்டு குணத்தையும் ஓரளவு உடையதாயிருந்தது. 1997இல் பிறியஸ் காரோடு தொடங்கி இலங்கையிலும் பெருகிய கலப்பு எஞ்சின் வண்டிகளோ இரண்டாம் வகையைச் சேர்ந்தன. அவற்றின் பற்றரி தளர்ந்தால் புதியது வாங்கும் செலவு உடைமையாளரைத் திகைக்க வைக்கிறது. பிறியஸ் பற்றரி 28 சிறு கூறுகளின் தொகுதி என்பதை அறிந்த உள்ளூர்த் திருத்துநர், தொகுதி முழுவதையும் எறியாது, செயலிழந்த கூற்றை மட்டும் அளந்து கண்டு மாற்றிக் கொடுக்கின்றனர். சில மாதங்களில் பக்கத்துக் கூறு தளர்வதுண்டு. உடைமையாளர் மறுபடியும் வருவர்.