கீரையில் மறைந்திருக்கும் கேடு

தூய்மையை ஈமானின் பாதியாகப் போற்றும் மார்க்கம் நம்முடையது. ஆயினும், கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிவதெல்லாம் தூய்மையானதன்று.

2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில், கழுவி உறையிலிட்டு விற்கப்பட்ட பசலைக்கீரையைப் பச்சையாக உண்ட ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், சிலர் உயிரிழந்தனர். கலிபோர்னியாவில் விளைந்த அக்கீரையில் ஈ.கோலை எனும் கிருமியின் கொடிய வகை இருந்தது. வயலருகே மேய்ந்த மாடுகளின் சாணத்திலும் அதே கிருமி காணப்பட்டது.

ஆடு மாடுகளின் குடலில் வாழும் இக்கிருமி, சாணத்தாலும் அசுத்த நீராலும் கீரையை அடைகிறது. கழுவினால் குறையும், முற்றிலும் நீங்காது. குளிர்பதனப் பெட்டியிலும் சாகாது. நன்கு வேகவைத்தால் அழிந்துவிடும். சிறு குழந்தைகளின் சிறுநீரகங்களையே செயலிழக்கச் செய்ய வல்லது இது.

ஆகவே சகோதரிகளே! மல்லி, புதினாவை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். துவையலுக்கு இலைகளை நன்கு வதக்கி அரையுங்கள். இறைச்சி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல் கீரைக்குப் பயன்படுத்தாதீர்கள். குர்பானி நாட்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. பிள்ளையின் வயிற்றுப்போக்கில் இரத்தம் கண்டால், கைமருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் விரையுங்கள்.

உடல்நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் பொறுப்பு அடுக்களையிலேயே தொடங்குகிறது.