ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ்: நிறுவும் முன் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025, அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. இத்தகைய கணினிகளில் விண்டோஸை நீக்காமலேயே உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவலாம். இதுவே 'டூயல் பூட்' எனப்படுகிறது. இணையப் பணிகளுக்கு லினக்ஸையும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள்களுக்கு விண்டோஸையும் பயன்படுத்தலாம்.

முதலில், முக்கியக் கோப்புகளை வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். 'பிட்லாக்கர்' பூட்டு செயல்பாட்டில் இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்து வைப்பது அவசியம். அந்த எண் இல்லையெனில் தரவுகளை மீட்க இயலாமல் போகலாம்.

பின்னர், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலம் குறைந்தது 25 ஜிபி இடத்தை ஒதுக்கி, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை முடக்க வேண்டும். லினக்ஸ் ஏற்றப்பட்ட பென் டிரைவ் மூலம் கணினியை இயக்கி, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் வாய்ப்பைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் கோப்புகளும் அழிந்துவிடும்.

நிறுவிய பின்னர், கணினியை இயக்கும்போது தோன்றும் 'கிரப்' பட்டியலில் தேவையான இயங்குதளத்தைத் தேர்வு செய்யலாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணினிக் கடிகாரத்தில் பதிவதால், விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுமாறு லினக்ஸ் அமைப்பை மாற்றினால் இது சரியாகிவிடும்.