குருக்ஷேத்திரம், இரட்டை பாஸ் டிரம்முடன்

வேலூர் மாவட்டத்தில் கோடை வந்தால் ஏதாவது ஓர் ஊரில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டிருக்கும். படுகளம் என்றால் என்னவென்று ஒடுகத்தூர் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன், தொடையில் விழும் அடி, கூந்தல் முடியும் திரௌபதி. அதற்கு முந்தைய இரவுகளில் கூத்து. வேஷக்காரர் அடித்தொண்டையில் அதட்டுவார், உச்சத்தில் அலறுவார். அதை இரைச்சல் என்று ஒரு பெரியவரும் எழுந்து போனதில்லை.

அதே குருக்ஷேத்திரத்தை மின்கிதாரோடு கத்தினால்தான் 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்கிறோம். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா இந்தக் கேள்வியைக் கால் நூற்றாண்டுக்கு மேல் கேட்டுவிட்ட பேண்ட். பாஸ் கிதார் வாசித்தபடி கத்துகிறவர் கதிர், டிரம்ஸில் சிவா. அவர்களுடைய 2003 ஆல்பத்தின் பெயரே 'குருக்ஷேத்ரா'. வேதாந்தத்தைப் பாடுபொருளாகக் கொண்ட தங்கள் இசையை 'வேதிக் மெட்டல்' என்கிறார்கள்.

கத்தும் இசையில் கிளைகள் பல. கல்லூரிப் பிள்ளைகள் ஹெட்போனில் கேட்கும் ஸ்க்ரீமோ, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் உருக்கொண்டது. ஹெராயின், ஆன்டியோக் ஆரோ போன்ற குழுக்கள், கிராவிட்டி என்ற சிறு ரெக்கார்ட் நிறுவனம், அழுகையும் ஆத்திரமுமாகச் சட்டென்று முடிந்துபோகும் பாடல்கள். ருத்ரா அந்தக் கிளை இல்லை; டெத் மெட்டல், பிளாக் மெட்டல் வழி வந்தது. ஆனால் இரண்டும் வளர்ந்த விதம் ஒன்றுதான். ரேடியோ கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. ஒரு சின்ன இடம், திரும்பத் திரும்ப வரும் அதே முகங்கள். இன்று மேடையில் இருப்பவர் நாளை கூட்டத்தில் நிற்பார்.

அந்தச் சின்ன இடம் முக்கியம். சிங்கப்பூரில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990-ல் ஆர்மீனியன் தெருவில், பழைய மின் துணை நிலையம் ஒன்றில் 'சப்ஸ்டேஷன்' கலை மையத்தைத் தொடங்கினார். வேறெங்கும் மேடை கிடைக்காத பங்க், மெட்டல் பையன்களுக்கு அதன் தோட்டம் திறந்திருந்தது. 2021-ல் மையம் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது துக்கப்பட்டவர்களில் நரைத்த மெட்டல்காரர்களும் இருந்திருப்பார்கள். நம் பக்கத்தில் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ரிவியேரா விழா இருக்கிறது; பெரிய மேடை, பெரிய கூட்டம். ஐம்பது பேர் நிற்கும் அறைதான் இல்லை. மெட்டல் ரசிகனின் அடையாளமே தோல் பூட்ஸ். அந்தத் தோலைப் பதனிடும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அவன் பாட்டு ஒலிக்க ஓர் இடமில்லை என்பது வேடிக்கைதான்.

கத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பத்தாவது நிமிடம் தொண்டை கட்டிவிடும். தேர்ந்தவர்கள் குரல்நாண்களை உரசவிடாமல், அவற்றுக்கு மேலுள்ள பொய்க் குரல்நாண்களை அதிரவிடுகிறார்கள். வேகத்தை வயிற்றிலிருந்து எழும் மூச்சு தருகிறது. சத்தத்துக்குள் இருப்பது சாதகம். ருத்ராவில் அந்தக் கத்தலுக்கு நடுவே சமஸ்கிருத சுலோகம் நிதானமாக எழும்போது இரண்டுக்குமான கணக்கு புரியும்.

2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' மூன்று ஆல்பங்களும் அவர்கள் எட்டிய உயரம். புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாவதிலுள்ள 'ஹிம்ஸ் ஃப்ரம் த பிளேஸிங் சேரியட்' பாடலில் தொடங்கலாம். தேர்த்தட்டில் கலங்கி உட்காரும் அர்ஜுனன். கூத்து பார்த்த காதுக்கு இடம் உடனே பிடிபடும். சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளம் இந்த இசையில் எப்படிச் சிக்கலாகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம்.

எனக்கு ஒரு குறை உண்டு. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலுமே நடக்கின்றன. கோபம் முழுக்க அகங்காரத்தின் மேல், அறியாமையின் மேல். தெருவில் நடப்பது அதற்குள் அதிகம் வருவதில்லை. 2018-ல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சாதியைப் பற்றித் தமிழில் உரக்கப் பாடியது. ஆனால் அது கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த வழி. முழுத் தமிழில் ஒரு கத்தல் பேண்ட் இந்த வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தால், அதன் பாடகருக்குக் குரல் சொல்லித்தர யூடியூபுக்கு முன்னால் ஒரு கூத்து வாத்தியாரைத்தான் சிபாரிசு செய்வேன்.