கத்தியா, கதிரா?

முதலில் வருவது முதுகுவலி. பிறகு கால் தளரும். முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய் தண்டுவடத்தை நெருக்கும்போது டாக்டர்களைக் குடையும் கேள்வி: அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சு மட்டும் போதுமா?

2005ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 101 நோயாளிகள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவிகிதம் பேரால் நடக்க முடிந்தது. அறுவையும் சேர்ந்தபோது 84 சதவிகிதம்.

ஆனால் கத்தி எல்லோருக்கும் அல்ல. மூன்று மாதமாவது உயிர் வாழ்வார்கள் என்று கணிக்கப்பட்டவர்களையே ஆய்வில் சேர்த்தார்கள். கால்கள் முழுதும் செயலிழந்து 48 மணி நேரம் கடந்தவர்களைச் சேர்க்கவில்லை. கதிர்வீச்சிலேயே சுருங்கும் லிம்ஃபோமா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது.

எனவே புற்றுநோயாளிக்குக் கால் தளர்ந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுவை நோயைத் தீர்க்காது. மிச்ச நாட்களில் சொந்தக் காலில் நடக்க வைக்கலாம்.