குறிப்படிக் காலமும் குப்பிக் காலமும்

நூறாண்டுகளுக்கு முன் மலபாரில் வைத்தியரைப் பார்க்கப் போனவர் பெரும்பாலும் மருந்தோடு திரும்பியதில்லை. கையில் குறிப்படி என்ற மருந்துச் சீட்டுதான் இருக்கும். அதில் எழுதியுள்ள வேரையும் பட்டையையும் சேர்ப்பது வீட்டார் பாடு. உலர்ந்த சரக்கு அங்காடியில் கிடைக்கும். பச்சிலையை வேலியோரத்திலும் வயல்வரப்பிலும் தேட வேண்டும். அதன்பிறகு அடுப்பு. சரக்குக்கு 16 பங்கு தண்ணீர் ஊற்றி, அது எட்டில் ஒன்றாக வற்றும்வரை சிறுதீயில் காய்ச்ச வேண்டும் என்பது ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் சொன்ன கணக்கு. காய்ச்சியது அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் மறுபடி அடுப்பு. மூன்று வாரம் கஷாயம் என்றால், மூன்று வாரமும் வீட்டில் யாரோ ஒரு பெண் விடியுமுன் எழுந்தாள் என்று பொருள். அதைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் அந்தப் புகையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

குறிப்படியை எழுதுமுன் வைத்தியர் என்ன பார்த்தார் என்பதில்தான் ஆயுர்வேதமே இருக்கிறது. வாதம், பித்தம், கபம் மூன்றும் எல்லா உடலிலும் உண்டு, ஆளுக்கு ஆள் அளவு வேறு, நிலை பிறழ்ந்தால் நோய் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். சித்த மருத்துவத்திலும் வளி, அழல், ஐயம் என்று இதே மூன்று உண்டு. ஆனால் கேரள வைத்தியர்கள் மனப்பாடமாகக் கற்ற வாக்படரின் ‘அஷ்டாங்க ஹிருதயம்’ அங்கே நிற்பதில்லை. பழுதுபட்ட தாது, நோயாளி வாழும் நிலம், உடல்வலு, பருவம், செரிக்கும் தீ, பிறவி இயல்பு, வயது, மனத்திடம், பழகிப்போனவை, உணவு என்று பத்தையும் நுணுக்கமாக எடைபோட்ட பிறகே மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. ஒரே முழங்கால் வலிக்கு அண்ணனுக்கு ஒரு மருந்து, தம்பிக்கு வேறு மருந்து என்று வருவது இதனால்தான். பார்த்தும் தொட்டும் கேட்டும் இவற்றை அறிய வேண்டும். கேரளத்தின் பரம்பரை வைத்தியர்களான அஷ்டவைத்தியக் குடும்பங்களில் மூஸ் என்ற பட்டம் கொண்ட ஒருவருக்கு இந்தப் பத்தில் பாதி, நோயாளி வாய் திறக்குமுன்பே தெரிந்திருக்கும். அதே ஊர், அதே மழை. அந்த ஆளின் தகப்பனாருக்கும் அவரே பார்த்திருப்பார்.

1902இல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கினார். குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸிடம் ஆயுர்வேதம் பயின்றவர் அவர். ஆங்கில மருத்துவமும் ஓரளவு கற்றிருந்தார். ஆங்கில மருந்து குப்பியில் ஆயத்தமாக வந்து நிற்கும் காலத்தில், வேர் தேடி அலைந்து அடுப்பூத யாருக்குப் பொறுமை இருக்கும்? கஷாயத்தைக் கெடாதபடி பக்குவப்படுத்திக் குப்பியில் அடைத்து விற்றார். 1917இல் கோழிக்கோட்டில் ஒரு பாடசாலையும் திறந்தார். சில குடும்பங்களின் முற்றத்தில் இருந்த படிப்பு வகுப்பறைக்கு வந்தது. இந்தக் காற்று பாலக்காட்டுக் கணவாயையும் தாண்டியது. 1943இல் கோவையில் ஆரிய வைத்திய பார்மசி எழுந்தது. வாரியர் பாரம்பரியத்தைக் கடைச்சரக்காக்கிவிட்டார் என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குப்பி வராமல் போயிருந்தால், குறிப்படி எழுதத் தெரிந்தவர்களோடு வைத்தியமும் போயிருக்கும்.

போனது வேறொன்று. குறிப்படியில் வைத்தியர் ஒரு சரக்கைக் குறைப்பார், ஒன்றைக் கூட்டுவார். குப்பிக்குள் அது நடக்காது. இப்போது குப்பியும் சுமை என்று கஷாயமே மாத்திரையாகிவிட்டது. பாலோடு சேர்த்து 101 முறை காய்ச்ச வேண்டிய க்ஷீரபலா தைலம் கேப்ஸ்யூலில் கிடைக்கிறது. ஐந்தரை ஆண்டு பி.ஏ.எம்.எஸ். படித்து வரும் மருத்துவர் நாடியையும் பார்க்கிறார், எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்க்கிறார், எம்.ஆர்.ஐ. காட்டுவதைப் பழைய மூஸ் கண்டிருக்கவே முடியாது. ஆனால் பத்தையும் விசாரித்து முடித்தபின் இன்றைய மருத்துவரின் கை போவது அலமாரியில் இருக்கும் ஆயத்த மருந்துக்குத்தான். அளவையும், மருந்தோடு சேர்த்து உண்ணும் அனுபானத்தையும், பத்தியத்தையும் மாற்றலாம், அவ்வளவே. நல்ல மருத்துவர்கள் அதற்குள்ளேயே நிறையச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மருந்து வீட்டை விட்டுப் போனதில் இன்னொரு சிக்கலும் வந்தது. கஷாயத்தில் என்ன விழுந்தது என்று காய்ச்சியவளுக்குத் தெரியும். குப்பியில் இருப்பதற்கு ஒட்டிய சீட்டுதான் சாட்சி. 1964இல்தான் ஆயுர்வேத மருந்துகள் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பழைமையானது, ஆகவே கெடுதல் செய்யாது என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை.

ஆயுர்வேதச் சுற்றுலாத் தொழில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடலில் சேர்ந்ததை வெளியேற்றும் கடுமையான பஞ்சகர்மம், அங்கே பெரும்பாலும் எண்ணெய்க் குளியலும் தென்னந்தோப்புமாகச் சுருங்கியது. வாந்தி எடுக்க வைக்கும் சிகிச்சைக்கு விடுமுறையில் யார் பணம் கட்டுவார்?

கர்க்கடகக் கஞ்சியின் கதை வேடிக்கையானது. நம் ஆடி மாதம் கேரளத்தில் கர்க்கடகம். கோடையில் உடல் தளர்ந்து, மழையில் செரிக்கும் தீ மந்தமாகிற நேரம். வீட்டைச் சுற்றி முளைத்த மூலிகைகளையும் வெந்தயத்தையும் நவரை அரிசியோடு சேர்த்துக் கஞ்சி வைப்பார்கள். இன்று அது பொட்டலத்தில் வருகிறது. கடல் கடந்து வளைகுடாவில் வேலை செய்யும் மலையாளிகளும் ஊர் நினைப்பில் அதே மாதம் வாங்கிக் காய்ச்சுகிறார்கள். துபாயில் அப்போது அடிவெயில்; நிலமோ பாலை. வாக்படர் வறண்ட நிலத்தை வாதம் மிகுந்தது என்று தனியாகப் பிரிக்கிறார். கொளுத்தும் கோடைக்கு இனிப்பும் குளிர்ச்சியுமான எளிய உணவைச் சொல்கிறார். அவரைக் கேட்டால் இளநீரைக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை ஊருக்குத் திரும்பும்வரை பிரிக்காதே என்றுதான் சொல்லியிருப்பார்.